இரண்டாவது கோடு எதற்கு?

பிளஸ் டூவில் புள்ளியியலோ வணிகக் கணிதமோ படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தொடர்புப் போக்குக் கோடுகள் என்று ஒரு பாடம். எக்ஸை வைத்து ஒய்யைச் சொல்ல ஒரு கோடு, ஒய்யை வைத்து எக்ஸைச் சொல்ல இன்னொரு கோடு. இரண்டின் கெழுக்களையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஒட்டுறவுக் கெழு கிடைக்கும். இரண்டு கோடுகளும் சராசரிகளின் புள்ளியில் வெட்டிக்கொள்ளும். கணக்கு நீளமாக இருக்குமே தவிர சுலபம், மார்க் நிச்சயம். நானும் அப்படித்தான் போட்டேன். ஒரே விவரத்துக்கு எதற்கு இரண்டு கோடு என்று எனக்கும் தோன்றவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

கல்லூரிக்கு வந்ததும் அந்த இரண்டாவது கோடு காணாமல் போய்விட்டது. எக்செலில் புள்ளிகளைப் போட்டு 'டிரெண்ட்லைன்' என்று சொடுக்கினால் ஒரே ஒரு கோடு வருகிறது. பிராக்டிகல் ரெக்கார்டு நோட்டிலும் ஒரே கோடுதான். போன மாதம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன்: "சார், கிடை அச்சுல இருக்குற அளவுலயும் தப்பு இருந்தா என்ன பண்றது?" பதில் சுருக்கமாக வந்தது: "எக்ஸ்ல தப்பு இல்லன்னு வெச்சுக்கோப்பா. அப்படித்தான் ஃபார்முலாவே."

சார் சொன்னது உண்மைதான். ஃபார்முலா அப்படித்தான் இருக்கிறது. ஆனால் உலகம் அப்படி இல்லையே! :-) அந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டு போனதில் பாடத்திட்டத்தின் மேல் கொஞ்சம் கோபமும், நம்ம ஊர்ப் பெயரைத் தாங்கிய ஓர் ஆராய்ச்சி மேல் நிறைய மரியாதையும் வந்தன. இரண்டையும் சேர்த்து இங்கே இறக்கி வைக்கிறேன். கணக்கு கொஞ்சம் வரும், பயப்பட வேண்டாம். பெருக்கல் வகுத்தல் போதும்.

மகாபலிபுரம் குப்பத்திலிருந்து ஆரம்பிப்போம். இது நான் கற்பனையாக வைத்துக்கொள்ளும் கணக்கு. கரையில் மீன் கூடைகளை நிறுக்க இரண்டு வில்தராசுகள் இருக்கின்றன. ஒன்று வியாபாரியுடையது, இன்னொன்று படகுக்காரருடையது. இரண்டும் பழசு. ஆனால் நேர்மையானவை. முள் சில சமயம் ஏறிக் காட்டும், சில சமயம் இறங்கிக் காட்டும், சராசரியில் இரண்டும் சரி. கூடைகளின் உண்மையான எடை சராசரி 30 கிலோ, அதன் மாறுபாடு (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தராசின் பிழைக்கும் மாறுபாடு 25. அப்படியானால் தராசில் நாம் பார்க்கும் எடைகளின் மாறுபாடு 125. இரண்டு தராசுகளும் ஒன்றாக ஏறி இறங்குவது உண்மை எடையால் மட்டுமே, எனவே உடன் மாறுபாடு 100.

இப்போது எக்செலைக் கேளுங்கள். வியாபாரி தராசு கிடை அச்சில், படகுக்காரர் தராசு நெட்டச்சில். சாய்வு 100 வகுத்தல் 125, அதாவது 0.8. வியாபாரி தராசில் 50 கிலோ காட்டும் கூடைகள், படகுக்காரர் தராசில் சராசரியாக 46 கிலோதான் காட்டும். "பார்த்தீங்களா, பெரிய கூடைன்னா உங்க தராசு நாலு கிலோ முழுங்குது" என்று வியாபாரி சண்டைக்கு வரலாம். கையில் கிராஃபும் இருக்கிறது, கம்ப்யூட்டர் போட்ட கோடும் இருக்கிறது.

படகுக்காரரின் பெண் நம்மைப் போலப் புள்ளியியல் படிப்பவள் என்றால், அச்சுகளை மாற்றிப் போடுவாள். மறுபடியும் 0.8 வரும். படகுக்காரர் தராசில் 50 காட்டும் கூடைகள் வியாபாரி தராசில் சராசரியாக 46. இப்போது முழுங்குவது வியாபாரியின் தராசு! அதே கூடைகள், அதே எண்கள். கிடை அச்சில் யாரை உட்கார வைக்கிறோமோ அவர் நல்லவர், மற்றவர் திருடர்.

ஏன் இப்படி ஆகிறது? 50 கிலோ காட்டிய கூடைகளைத் தனியாகப் பொறுக்கினால், அவற்றில் நிஜமாகவே 50 கிலோ கூடைகள் கொஞ்சம் இருக்கும். 45 கிலோ கூடையாக இருந்து முள் ஏறிக் காட்டியவையும் இருக்கும். 55 கிலோவாக இருந்து முள் இறங்கிக் காட்டியவையும் இருக்கும். ஆனால் 55 கிலோ கூடைகளைவிட 45 கிலோ கூடைகள் கரையில் அதிகம். எனவே முள் ஏறிக் காட்டிய கூடைகள்தான் அந்தக் கூட்டத்தில் அதிகம். அடுத்த தராசில் வைத்ததும் அந்த அதிர்ஷ்டம் போய்விடுகிறது. மீச்சிறு வர்க்க முறைக்கு இதெல்லாம் தெரியாது. அது செங்குத்துத் தூரங்களை மட்டுமே பார்க்கிறது. கிடை அச்சில் உள்ள தப்பு எல்லாவற்றையும் சாய்வின் தலையில் போட்டு, கோட்டைப் படுக்க வைத்துவிடுகிறது. எவ்வளவு படுக்கும் என்பதற்கும் எளிய விடை உண்டு: உண்மை மாறுபாட்டை, பார்த்த மாறுபாட்டால் வகுத்தால் வருவது. இங்கே 100/125. இன்னும் பத்தாயிரம் கூடை நிறுத்தாலும் இது மாறாது. விவரம் கூடக் கூட, தப்பான விடையின் மேல் நம்பிக்கைதான் கூடும்.

இப்போது பிளஸ் டூவின் இரண்டாவது கோட்டுக்கு வாருங்கள். அச்சு மாற்றிப் போட்ட கோட்டை அதே கிராஃபில் வரைந்தால் அதன் சாய்வு 1/0.8, அதாவது 1.25. முதல் கோடு 0.8. உண்மை 1. இரண்டுக்கும் நடுவில்! பிழைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருந்தால், உண்மையான சாய்வு இந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில்தான் இருக்க வேண்டும் என்பதை நார்வே நாட்டுப் பொருளாதார அறிஞர் ராக்னர் ஃபிரிஷ் 1934-லேயே எழுதிவிட்டார். அதாவது அந்த இரண்டு கோடுகள் மார்க்குக்காகப் போட்ட அலங்காரம் இல்லை. நம் அறியாமைக்கு வரைந்த எல்லைக்கோடுகள். பாடத்திட்டம் நமக்கு மருந்தைக் கொடுத்துவிட்டு, எந்த வியாதிக்கு என்று சொல்ல மறந்துவிட்டது.

சரி, மீன் கூடைக்கு நாலு கிலோ போனால் போகட்டும். இதே தப்பு ஒரு தடுப்பூசி விஷயத்தில் நடந்தால்?

'செங்கல்பட்டு ஆய்வு' என்று உலக மருத்துவ இதழ்களில் ஒரு பெயர் உண்டு. நம்மில் பலருக்கு இது தெரியாது, எனக்கும் இரண்டு வருடம் முன்புவரை தெரியாது. காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி உண்மையிலேயே பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுக்கிறதா என்று சோதிக்க, 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய ஆய்வு அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தியது, உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் கைகொடுத்தன. திருவள்ளூரைச் சுற்றியுள்ள கிராமங்கள்தான் களம். அந்தப் பகுதி 1997-இல் தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது, செங்கல்பட்டும் காஞ்சிபுரத்தோடு இருந்து 2019-இல் தனி மாவட்டம் ஆகிவிட்டது. ஆனால் இதழ்களில் பெயர் மாறவில்லை. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி போடப்பட்டது. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் திரவம் என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பிறகு பல ஆண்டுகள் வீடு வீடாகப் போய் எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை. உலகத்தில் நடந்த பி.சி.ஜி. ஆய்வுகளிலேயே இதுதான் பெரியது.

1979-இல் முதல் முடிவுகள் வந்தன. பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்கு எதிராகப் பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை. பிற்பாடு ஒப்பீட்டு ஆய்வுகளில் எல்லோரும் பயன்படுத்தும் அட்டவணையில் இந்த வரி இப்படி இருக்கிறது: ஊசி போட்ட 88,391 பேரில் 505 பேருக்கு நோய், போடாத 88,391 பேரில் 499 பேருக்கு நோய். பதினைந்து ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு 1999-இல் வந்தது. அதுவும் இதை மாற்றவில்லை.

(அவசரப்பட்டு யாரும் தடுப்பூசியே வேண்டாம் என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். குழந்தைகளைத் தாக்கும் காசநோய் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைகளுக்கு எதிராக பி.சி.ஜி. நல்ல பாதுகாப்பு தருகிறது. பிறந்த குழந்தைக்கு அதைப் போடுவது அதற்காகத்தான். செங்கல்பட்டு ஆய்வு கேட்ட கேள்வி வேறு.)

இங்கிலாந்தில் அதே ஊசி பிரமாதமாக வேலை செய்தது: போட்டவர்கள் 13,598 பேரில் 62 பேருக்கு நோய், போடாதவர்கள் 12,867 பேரில் 248 பேருக்கு. அங்கே அப்படி, இங்கே இப்படி. ஏன்? 1994-இல் கோல்டிட்ஸும் குழுவினரும் 13 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, பூமத்திய ரேகையிலிருந்து தள்ளிப் போகப் போக ஊசியின் பலன் கூடுகிறது என்றார்கள். வெப்பமான ஊர்களின் மண்ணிலும் நீரிலும் உள்ள காசநோய்க் கிருமியின் தூரத்து உறவுக் கிருமிகள் நம் உடம்பை முன்பே பழக்கிவிடுகின்றன என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.

இன்னொரு கேள்வியும் எழுந்தது. நோய் அதிகமுள்ள இடத்தில்தான் ஊசியின் பலனும் அதிகமோ? இதைப் பார்க்க ஒரு கிராஃப் போடுவார்கள். ஒவ்வொரு ஆய்வும் ஒரு புள்ளி. கிடை அச்சில் ஊசி போடாதவர்களின் நோய் அளவு, நெட்டச்சில் போட்டவர்களின் நோய் அளவு. பார்த்தால் நம்ம மீன் தராசு கிராஃபேதான்! இரண்டு அச்சிலும் இருப்பவை எண்ணி எடுத்த எண்கள், இரண்டிலும் தற்செயலின் ஆட்டம் உண்டு. உதாரணத்துக்கு, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பள்ளிகளில் நடந்த ஆய்வில் ஊசி போடாத 2,341 பேரில் 3 பேருக்கு நோய், போட்ட 2,498 பேரில் 5 பேருக்கு. அந்த 3 இன்னொரு முறை நடத்தியிருந்தால் 1 ஆக இருக்கலாம், 6 ஆகவும் இருக்கலாம். செங்கல்பட்டின் 499 அப்படி ஆடாது. லாக் அளவில் பார்த்தால் ஒன்றின் திட்டப் பிழை ஏறக்குறைய 0.58, மற்றதன் திட்டப் பிழை 0.045. பதின்மூன்று மடங்கு வித்தியாசம். ஆனால் எக்செலின் கோட்டுக்கு இரண்டும் ஒரே அளவு புள்ளிதான்.

இதைவிட மோசமான ஒரு பழக்கமும் உண்டு. நெட்டச்சில் 'பலன்' என்பதையே வைப்பது. பலன் என்றால் என்ன? போட்டவர் அளவுக்கும் போடாதவர் அளவுக்கும் உள்ள வித்தியாசம். அதைப் போடாதவர் அளவுக்கு எதிராக வரைந்தால், கிடை அச்சின் பிழை அப்படியே தலைகீழாக நெட்டச்சிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. நம் மீன் கணக்கிலேயே பாருங்கள்: இரண்டு தராசின் வித்தியாசத்தை முதல் தராசுக்கு எதிராகப் போட்டால் சாய்வு மைனஸ் 0.2 வரும். உண்மையில் அங்கே சாய்வு பூஜ்யம். ஒன்றுமே இல்லாத இடத்தில், 'அதிகம் உள்ள இடத்தில் குறைவு அதிகம்' என்று ஓர் இயற்கை விதி பிறந்துவிடுகிறது! மருத்துவ ஆய்வுகளில் இந்தப் பொறி இருக்கிறது என்று ஷார்ப், தாம்சன், ஆல்ட்மன் மூவரும் 1996-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எச்சரித்து எழுதினார்கள்.

அப்படியானால் பி.சி.ஜி. விஷயத்தில் பார்த்ததும் வெறும் மாயைதானா? ஒரு ராத்திரி உட்கார்ந்து அந்தப் பதின்மூன்று வரிகளையும் நானே போட்டுப் பார்த்தேன். நோய் வந்தவர், வராதவர் விகிதத்தின் லாக். எந்த எடையும் கொடுக்காத சாதாரணக் கோடு. முதல் கோட்டின் சாய்வு 0.68. அச்சை மாற்றிப் போட்ட இரண்டாவது கோட்டின் சாய்வு 0.79. ஊசியின் பலனுக்கும் ஊரின் நோய் அளவுக்கும் சம்பந்தமே இல்லை என்றால் சாய்வு 1 இருக்க வேண்டும். இரண்டு கோடுகளுமே 1-க்குக் கீழேதான் நிற்கின்றன. ஆகவே சம்பந்தம் இருப்பது போலத்தான் தெரிகிறது, இரண்டாவது கோடு அதை அடித்துப் போடவில்லை. ஆனால் எவ்வளவு சம்பந்தம் என்பது முதல் கோட்டின்படி 0.32, இரண்டாவதன்படி 0.21. மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. 2002-இல் வான் ஹௌவெலிங்கன், அரெண்ட்ஸ், ஸ்டைனன் ஆகியோர் ஒவ்வொரு ஆய்வின் இரண்டு பக்கப் பிழைகளையும் முறையாகக் கணக்கில் எடுத்து இதே விவரத்தை ஆராய்ந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த சாய்வு சுமார் 0.73. என் இரண்டு கோடுகளுக்கும் நடுவில்! அதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை ஹாஸ்டலில் யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் அடிக்க வருவார்கள். :-)

ஆனால் கதை இதோடு முடியவில்லை. அந்த அட்டவணையை மறுபடி பாருங்கள். அமெரிக்கப் பழங்குடியினரிடம் நடந்த ஓர் ஆய்வில் ஊசி போடாத 1,451 பேரில் 372 பேருக்கு நோய், அதாவது நாலில் ஒருவருக்கு. செங்கல்பட்டில் ஆயிரத்துக்கு ஆறு பேருக்கும் குறைவு. அப்படியானால் செங்கல்பட்டு காசநோய் குறைந்த ஊரா? இல்லவே இல்லை. காசநோய் அதிகம் என்பதால்தானே அங்கே போனார்கள்! ஒவ்வொரு ஆய்வும் வேறு வேறு ஆண்டுக்கணக்கில் மக்களைப் பின்தொடர்ந்தது. 'நோய்' என்பதற்கும் ஆளுக்கொரு வரையறை. செங்கல்பட்டில் சளியில் கிருமி இருப்பது உறுதியானால்தான் நோயாளி என்று எண்ணினார்கள். வேறு இடங்களில் அவ்வளவு கறார் இல்லை. அதாவது கிடை அச்சில் இருக்கும் எண்ணில் தற்செயல் பிழை மட்டும் இல்லை, அளவுகோலே ஊருக்கு ஊர் வேறு. இந்தப் பிழை 88,391 பேரைச் சேர்த்தாலும் குறையாது. திட்டப் பிழை 0.045 என்று நான் மேலே பெருமையாக எழுதினேனே, அது இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது.

பூமத்திய ரேகைத் தூரத்துக்கும் இதே கதிதான். அட்சரேகையை அளப்பதில் தப்பு ஒன்றுமில்லை, செங்கல்பட்டு 13 டிகிரி. ஆந்திராவின் மதனப்பள்ளியும் 13 டிகிரிதான். அங்கே நடந்த ஆய்வில் ஊசி போட்டவர்கள் 5,069 பேரில் 33, போடாதவர்கள் 5,808 பேரில் 47. கொஞ்சம் பலன் தெரிகிறது. ஒரே அட்சரேகை, வேறு விடை. ஏனென்றால் கிருமிக்கு அட்சரேகை தெரியாது. நாம் அளக்க விரும்புவது மண்ணையும் நீரையும் உடம்பையும். அளந்தது வரைபடத்தில் ஒரு கோட்டை. பதிலியாக வைத்த அளவும் பிழையுள்ள அளவுதான்.

இதற்கெல்லாம் தீர்வே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. 1878-லேயே அமெரிக்கர் ஆட்காக் என்பவர் இரண்டு அச்சிலும் பிழை இருந்தால் செங்குத்துத் தூரத்தை விட்டுவிட்டுக் கோட்டுக்கு நேர் குறுக்கான தூரத்தை எடுக்கலாம் என்று எழுதினார். இரண்டு பிழைகளின் விகிதம் தெரிந்தால் போதும், கோடு கிடைத்துவிடும். ஜப்பான் தொழிற்சாலைகளுக்குத் தரக்கட்டுப்பாடு கற்றுக்கொடுத்த டெமிங் 1943-இல் இதைத் தன் புத்தகத்தில் பரப்பினார். இன்று ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் பழைய மெஷினையும் புது மெஷினையும் ஒப்பிடுவது டெமிங் பெயரிலுள்ள முறையில்தான். மீன் கணக்கில் இரண்டு தராசுக்கும் பிழை சமம் என்று சொல்லிவிட்டால், அது சரியாக 1 என்று விடை தரும். வியாபாரியும் படகுக்காரரும் சமாதானமாகப் போகலாம்.

விகிதம் தெரியாவிட்டால்? அதற்கு 1940-இல் ஆபிரகாம் வால்ட் ஒரு வழி சொன்னார். இரண்டாம் உலகப் போரில், திரும்பி வந்த விமானங்களில் ஓட்டை இல்லாத இடத்துக்குத்தான் கவசம் போட வேண்டும் என்று சொன்னாரே, அதே வால்ட். கூடைகளை இரண்டு குழுவாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவின் சராசரியை இரண்டு தராசிலும் எடுங்கள். இரண்டு சராசரிப் புள்ளிகளையும் இணையுங்கள். பிழைகள் சராசரியில் கரைந்துவிடும். பெரிய படகு கூடைகள் சராசரி 40, சின்ன படகு கூடைகள் சராசரி 20 என்று இரண்டு தராசும் சொன்னால் சாய்வு 1, சண்டை முடிந்தது. இதில் ஒரே நிபந்தனை: குழுவைப் பிரிப்பது முள் காட்டிய எடையை வைத்து இருக்கக் கூடாது. படகை வைத்துப் பிரித்தால் சரி. '30 கிலோவுக்கு மேல் காட்டியவை, கீழ் காட்டியவை' என்று பிரித்தால் மறுபடியும் 0.8-தான் வரும். பிழைக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி வெளியிலிருந்து வர வேண்டும். கோர்ட்டுக்கும் இதே சட்டம்தானே!

வால்ட் பற்றி இன்னொரு தகவல். இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவுப் பயணமாக இங்கே வந்திருந்த அவர், 1950 டிசம்பர் 13 அன்று நீலகிரி மலையில் ரங்கசாமி சிகரத்தின் அருகே நடந்த விமான விபத்தில் மனைவியோடு இறந்துபோனார். வயது 48. கோத்தகிரிக்கு டூர் போகிறோம், அந்தச் சிகரத்தின் முன்னால் நின்று போட்டோவும் எடுத்துக்கொள்கிறோம். நாம் தினமும் தப்பாகப் போடும் கோட்டைச் சரியாகப் போட வழி சொன்ன மனிதர் இங்கேதான் முடிந்தார் என்பதை எந்தப் பாடப் புத்தகமும் நமக்குச் சொல்லவில்லை.

இனி எதிர்க்கட்சியின் வாதங்களுக்கு வருகிறேன். நியாயமானவை இரண்டு.

முதலாவது: "கணிப்பதற்கு மட்டும்தானே கோடு, அதற்குச் சாதாரணக் கோடே போதும்." ஒத்துக்கொள்கிறேன். வியாபாரி தராசில் 50 காட்டிய கூடை படகுக்காரர் தராசில் எவ்வளவு காட்டும் என்பதுதான் கேள்வி என்றால், 46 என்பதே சரியான விடை. அங்கே எக்செலில் தப்பே இல்லை. தப்பு, அந்த 46-ஐ வைத்துக்கொண்டு 'உன் தராசு திருட்டுத் தராசு' என்று சொல்வதில் இருக்கிறது. கணிப்பு வேறு, காரணம் சொல்வது வேறு. பிராக்டிகல் தேர்வில் நம்மை யாரும் கணிக்கச் சொல்வதில்லை. 'சாய்வு என்ன காட்டுகிறது, விளக்குக' என்றுதான் கேட்கிறார்கள்.

இரண்டாவது: "பிழையின் விகிதம் யாருக்குத் தெரியும்? தெரியாததை வைத்து ஃபார்முலா போடுவது இன்னும் பெரிய பித்தலாட்டம்." இதுவும் பாதி உண்மை. விகிதத்தைக் கண்மூடி 1 என்று வைத்துக்கொள்வதும், பிழை பூஜ்யம் என்று வைத்துக்கொள்வதும் ஒரே வகைச் சோம்பேறித்தனம்தான். ஆனால் பிழையைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது: திரும்ப அள. பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் பரங்கிமலையில் 1802-இல் லாம்டன் சங்கிலியை விரித்து அடிக்கோடு அளந்து, இந்தியாவையே அளக்கும் வேலையைத் தொடங்கினார். அந்த ஒரு அளவை நம்பி அவர் போய்விடவில்லை. முக்கோணம் முக்கோணமாகப் பெங்களூர் வரை போய், அங்கே 1804-இல் இன்னொரு அடிக்கோட்டைத் தரையிலேயே அளந்து, கணக்கில் வந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இருநூறு வருடத்துக்கு முன்னால் சங்கிலியோடு அலைந்தவருக்கு இருந்த சந்தேகம், ஏசி லேபில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இருக்க வேண்டாமா?

என் கட்சி இவ்வளவுதான். பெரிய பெரிய முறைகளை எல்லாம் பாடத்திட்டத்தில் சேர்க்கச் சொல்லவில்லை. மூன்று சின்ன விஷயங்கள்:

1. ரெக்கார்டு நோட்டில் எப்போதும் இரண்டு கோடுகளையும் வரையச் சொல்லுங்கள். அவை ஒட்டி இருந்தால் தைரியமாகப் பேசலாம். விலகி இருந்தால் அடக்கி வாசிக்கலாம்.

2. கிடை அச்சில் வரும் எதையும், ஒரு சில பொருளையாவது, இரண்டு முறை அளக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு அளவின் வித்தியாசத்தை ஒரு ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள்.

3. பிளஸ் டூ புத்தகத்தில் இரண்டு கோடுகள் பாடத்தின் கடைசியில் நாலு வரி சேருங்கள்: இரண்டு ஏன், எப்போது, நடுவில் இருப்பது என்ன.

இதற்குக் காசு வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு ஸ்கேல் போதும்.

கடைசியாக ஒன்று. செங்கல்பட்டு ஆய்வின் முடிவு வந்தபோது பலருக்கு அது பிடிக்கவில்லை. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்களுக்குப் போட்ட ஊசி, அதைப் போய் வேலை செய்யவில்லை என்றால்? ஆய்விலேயே ஏதோ கோளாறு என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் தங்களுக்குக் கிடைத்தது என்ன திரவம் என்றே தெரியாமல் கையை நீட்டி, ஆண்டுக்கணக்காகச் சளி கொடுத்து, எக்ஸ்ரேக்கு நின்ற அந்தக் கிராமத்து மக்கள், அந்த அட்டவணையில் இருக்கும் மிக உறுதியான புள்ளியை நமக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தப் புள்ளியின் வழியாக எந்தக் கோட்டைப் போடுவது என்பதையாவது நாம் ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும். அந்தக் கடன் நமக்கு இருக்கிறது.

டிஸ்கி: அடுத்த பிராக்டிகலில் இரண்டு கோடு போட்டுக் கொடுக்கப் போகிறேன். மார்க் குறைந்தால் அதையும் எழுதுகிறேன். :-)